அடுப்பு ஒன்று, பந்தி ஐந்து

கேள்வி: நாங்கள் சேலம் மாவட்டத்தில் மலையடிவாரத்தில் ஒரு கூட்டு வாழ்வுப் பண்ணையில் வசிக்கிறோம். உறவுக்காரர்கள் அல்ல, ஒன்றாக வாழ வேண்டும் என்று விரும்பிச் சேர்ந்தவர்கள். நிலம், வருமானம், சமையல் எல்லாம் பொது. கொரோனா காலத்தில் 34 பேர் இருந்தோம். இரண்டாம் அலையில் வாயிற்கதவைப் பூட்டி, யாரும் வெளியே போகக் கூடாது என்று முடிவெடுத்தோம். மளிகை வண்டி மட்டும் வாரம் ஒரு முறை வரும். 2021 மே 14 இரவு, எங்களில் ஒரு தம்பி நோயுற்றிருந்த தன் தாயைப் பார்த்துவிட்டு வேலியைத் தாண்டி வந்து, யாருக்கும் சொல்லாமல் படுத்துக்கொண்டார். 16ஆம் தேதி இருவருக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் கண்டன. 18ஆம் தேதி அவருக்கே காய்ச்சல் வந்தது. மொத்தம் 11 பேர் படுத்தோம். எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான 72 வயதுப் பெரியவர் 29ஆம் தேதி மருத்துவமனையில் இறந்தார். பழி முழுவதும் அந்தத் தம்பி மேல் விழுந்தது. ஆண்டு முடிவதற்குள் அவர் போய்விட்டார். பிறகு இரண்டு குடும்பங்களும் போயின. இப்போது 27 பேர் இருக்கிறோம். இந்த மழைக்காலத்தில் ஃப்ளூ காய்ச்சல் பண்ணை முழுவதும் சுற்றி வந்ததும் பழைய பேச்சு மீண்டும் கிளம்பிவிட்டது. "அடுத்த பெருந்தொற்றில் வெளியே போனவர் திரும்பி வரக் கூடாது" என்று விதி எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எழுதக் கை வரவில்லை. நான் என்ன எழுத வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் விதியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சமூக மருத்துவம் படித்தவன் என்ற முறையில், அதற்கு முன்பாக உங்கள் கடிதத்தில் உள்ள மூன்று தேதிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு மனிதர் மேல் இத்தனை ஆண்டுகளாக இருந்துவரும் பழி அந்தத் தேதிகளுக்குள்தான் இருக்கிறது.

2021 மே மாதத்தில் தமிழ்நாட்டில் பரவியது பெரும்பாலும் டெல்டா வகைக் கிருமி. அது ஒருவருடைய உடலுக்குள் புகுந்த பிறகு அறிகுறி தெரிவதற்குச் சராசரியாக நான்கு நாள் ஆகும். கிருமியை வாங்கியவர் பிறருக்குக் கொடுக்கத் தொடங்குவது, பெரும்பாலும் அவருக்கு அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்னதாக. இந்தக் கணக்கை உங்கள் தேதிகளின் மேல் வைத்துப் பாருங்கள். 16ஆம் தேதி தொண்டை வலி கண்ட இருவரும் ஏறக்குறைய 12ஆம் தேதியே கிருமியை வாங்கியிருக்க வேண்டும். அது அந்தத் தம்பி வேலியைத் தாண்டி வந்ததற்கு இரண்டு நாள் முன்பு. 18ஆம் தேதி காய்ச்சல் கண்ட அவர் பிறருக்குக் கொடுக்கும் நிலைக்கு வந்திருந்தால், அது 16ஆம் தேதி வாக்கில்தான் நடந்திருக்கும். ஐயம் சிறிதும் இல்லாமல் தீர்ப்புச் சொல்லக் கிருமியின் மரபணுவைச் சோதித்திருக்க வேண்டும், அது நடக்கவில்லை. ஆனாலும், அவர் வேலியைத் தாண்டிய இரவுக்கு முன்பே கிருமி உங்கள் பண்ணைக்குள் வந்துவிட்டது என்பதைத்தான் இந்தத் தேதிகள் வலுவாகச் சொல்கின்றன. பண்ணையில் இருந்தவர்களிடமிருந்தே அவருக்கு வந்திருக்கவும் இடம் உண்டு. அப்படியானால் கொண்டுவந்தவர் யார் என்று இன்னொருவரைத் தேடப் போகாதீர்கள். மளிகை வண்டி வந்த வாயிலில் யாரோ ஒருவர் நின்று இரண்டு வார்த்தை பேசியிருப்பார். அந்தப் பேச்சு போதும். இந்தப் பத்தியை உங்கள் கூட்டத்தில் அப்படியே வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இனி விதிக்கு வருகிறேன். வாயிலைப் பூட்டுவது மூடத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சாவில் பசிபிக் கடலின் சமோவாத் தீவுகளில் நடந்ததை எங்கள் துறையில் எல்லோரும் படிப்போம். ஆக்லாந்திலிருந்து வந்த தலூன் என்ற கப்பலை நவம்பர் 7 அன்று மேற்கு சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் அனுமதித்தார்கள்; சில வாரங்களில் அங்கே ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்துபோனார்கள். பக்கத்திலேயே இருந்த அமெரிக்க சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார். அங்கே அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. நோய் வருவதற்கு முன்பே, ஒரு விரிசல்கூட இல்லாமல் மூடினால், கதவு உயிரைக் காக்கும்.

ஆனால் நோய் உள்ளே வந்த பிறகும் கதவை மட்டுமே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் ஊர் இருக்கிறது. இங்கிலாந்தில் டெர்பிஷயர் பகுதியிலுள்ள ஈம் என்ற சிற்றூருக்கு 1665இல் கொள்ளைநோய் வந்தது. மறு ஆண்டு, வில்லியம் மாம்பெசன் என்ற பாதிரியாரின் வேண்டுகோளுக்கு இணங்கி, ஊர்மக்கள் தாங்களாகவே எல்லையைத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்தார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லைக் கல்லருகே உணவை வைத்துவிட்டுப் போக, ஊர்க்காரர்கள் கல்லில் தோண்டிய குழிகளில் புளிக்காடி (வினிகர்) ஊற்றி, அதில் காசைப் போட்டு வைப்பார்கள். வெளியூர்கள் பிழைத்தன. ஊருக்குள் ஏறத்தாழ 260 பேர் மாண்டார்கள். அவர்களுடைய தியாகத்தை நான் வணங்குகிறேன். ஆயினும் பூட்டிய எல்லை வெளியே இருப்பவர்களைத்தான் காத்தது. உள்ளே இருந்தவர்களைக் காக்க வேறு ஏற்பாடு வேண்டியிருந்தது. உங்கள் பண்ணைக்கு மளிகை வர வேண்டும், பால் போக வேண்டும், யாருக்காவது பல்வலி வரும், யாருடைய தாயாவது படுக்கையில் விழுவார். தீவைப் போல மூடிக்கொள்ள உங்களால் முடியாது. ஆகையால் உங்கள் விதிப்புத்தகத்தில் வாயிலுக்கு ஒரு பக்கம் போதும். மீதிப் பக்கங்கள் உள்ளே எப்படி வாழ்வது என்பதைப் பற்றி இருக்கட்டும்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியது காற்று. 2020இல் எனக்குக் கிடைத்த பணிகளில் ஒன்று, மாணவியர் விடுதி ஒன்றுக்குப் போய் ஏற்பாடுகளைப் பார்வையிடுவது. வாசலில் சோப்பும் வாளியும் இருந்தன. நடைபாதையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பெண் நின்று தட்டில் சோறு வாங்கினாள். கரண்டியைச் சமையல்கார அம்மா மட்டுமே தொட்டார். நெஞ்சு நிறைந்துபோயிற்று. மாலை ஆறரை மணிக்கு அதே பிள்ளைகள் அறுபது பேரும் கூடத்துக்குள் நெருக்கி உட்கார்ந்து, கொசு வராமல் இருக்க எல்லா ஜன்னல்களையும் சாத்திவிட்டு, முக்கால் மணி நேரம் வாய்விட்டுப் பிரார்த்தனைப் பாட்டுப் பாடினார்கள். காலையிலிருந்து பட்ட பாடு எல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தில் வீணாகிவிடுமே என்று நான் பதறியது இன்றும் நினைவில் இருக்கிறது. அதே ஆண்டு மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் என்ற இடத்தில் 61 பேர் கூடி இரண்டரை மணி நேரம் சேர்ந்திசைப் பயிற்சி செய்தார்கள். 53 பேருக்கு நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். கைகழுவும் திரவத்தைப் பயன்படுத்திக்கொண்டும், கட்டித்தழுவாமலும்தான் இருந்தார்கள்; ஆனால் காற்று எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

உங்கள் பண்ணையில் பொதுவானவை எவை என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். கிணறு, பாத்திரம், கருவிகள், நிலம், பணம், மாடு: இவற்றில் எதையும் சுவாச நோய்க்காகப் பிரிக்க வேண்டியதில்லை. பிரிக்க வேண்டியவை, ஒரே கூரைக்குக் கீழ் முகக்கவசம் இல்லாமல் ஒரே காற்றை நெடுநேரம் மூச்சு விடும் இடங்கள் மட்டுமே. உங்களிடம் அவை மூன்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்: சாப்பாட்டுக் கூடம், இரவுக் கூட்டம் நடக்கும் அறை, பலர் சேர்ந்து படுக்கும் கூடம். குளியலறையும் கழிப்பறையும் பொதுவாக இருந்தால், ஜன்னலைத் திறந்தே வைத்து, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே சற்று இடைவெளி விடுங்கள்.

இங்கேதான் கூட்டு வாழ்வுக்காரர்கள் மனம் உடைந்துபோகிறார்கள். சேர்ந்து சாப்பிடாவிட்டால் பிறகு நாம் எதற்காகச் சேர்ந்தோம் என்று கேட்பார்கள். நம் பக்கத்தில் அந்த வலி இன்னும் கூடுதல். அண்ணன் தம்பிகள் தனி அடுப்பு வைத்துவிட்டார்கள் என்றால், குடும்பம் முறிந்துவிட்டது என்றுதான் ஊர் பொருள்கொள்ளும். அதனால் அடுப்பைப் பிரிக்காதீர்கள், பந்தியைப் பிரியுங்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில், 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில், சூரிய ஒளியை வாங்கும் பெரிய கிண்ணத்தைக் கூரையில் வைத்த சோலார் கிச்சன் 1990களின் பிற்பகுதியிலிருந்து இயங்குகிறது. அங்கே சமைப்பதில் ஒரு பகுதி கூடத்தில் பரிமாறப்படும். ஒரு பகுதி டிபன் கேரியரில் ஏறிப் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் போகும். நோய்க்காக வந்த ஏற்பாடு அல்ல, வழக்கமே அதுதான். எனக்கு அதில் பிடித்தது, சமைப்பது ஓரிடம், உண்பது பல இடம் என்பது அவர்களுக்கு எந்த மனத்தாங்கலையும் தருவதில்லை என்பது. உங்கள் 27 பேரையும் ஐந்து அல்லது ஆறு பேர் கொண்ட ஐந்து பந்தியாகப் பிரித்துவிடலாம். ஒரு பந்தியில் இருப்பவர்கள் ஒன்றாக உண்பார்கள், ஒரே வீட்டில் உறங்குவார்கள், தங்களுக்குள் முகக்கவசம் அணிய மாட்டார்கள். அடுத்த பந்திக்காரரைத் திறந்தவெளியில் பார்க்கலாம், வயலில் சேர்ந்து வேலை செய்யலாம். கூரைக்குக் கீழே மட்டும் கூடுவதில்லை. அப்போது ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் 27 பேரும் அஞ்ச வேண்டாம். அந்தப் பந்தியின் ஐந்தாறு பேரைக் கவனித்தால் போதும். சமைப்பவர்கள் ஒரே பந்தியைச் சேர்ந்தவர்களாக, வாரத்துக்கு ஒரு பந்தி என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் அவர்கள் முகக்கவசத்தோடு நிற்கட்டும். தனியாக இருக்கும் முதியவரையும், கணவனோ மனைவியோ இல்லாதவரையும் ஏதாவது ஒரு பந்தியோடு முதல் நாளே சேர்த்துவிட வேண்டும். 2020இல் தனி அறைகளில் விடப்பட்ட முதியவர்கள் நோய் இல்லாமலேயே நலிந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

எது எப்படி இருந்தாலும், நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது ஒன்று உண்டு. "எனக்கு உடம்பு சரியில்லை", "நான் வெளியே போய் வந்தேன்" என்ற இரண்டு வாக்கியங்களையும் சொல்பவருக்கு உங்கள் பண்ணையில் எந்த இழப்பும் நேரக் கூடாது. கூட்டு வாழ்வில் ஒருவர் மறைத்த ஒரு நாள், இருபது பேருக்கு நோயாகத் திரும்பி வரும். மறைப்பவர் தீயவராக இருப்பதில்லை. சொன்னால் கிடைக்கும் தண்டனையை எண்ணிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். திரும்பி வரக் கூடாது என்று எழுதினால், அடுத்த முறையும் யாராவது ஒருவர் தாயைப் பார்க்கப் போவார், அதே வேலியைத் தாண்டித்தான் வருவார், முன்னைவிடக் கவனமாக மறைப்பார். அந்த விதி நோயைத் தடுக்காது. செய்தியைத்தான் தடுக்கும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ட்வின் ஓக்ஸ் என்ற கூட்டுக் குடியிருப்பு 1967 முதல் இருக்கிறது. நூறு பேர் அளவில் வருமானத்தைப் பொதுவாக வைத்து வாழ்கிறார்கள். அங்கே ஒவ்வொருவரும் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்று கணக்கு உண்டு. விற்பனைக்காகச் செய்யும் தொழிலும், சமைப்பதும், பிள்ளை வளர்ப்பதும் ஒரே மதிப்பில் எழுதப்படும். உடம்பு முடியாமல் படுத்திருக்கும் நேரத்தையும் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். இந்தச் சிறிய ஏற்பாட்டின் அருமையை, தும்மிக்கொண்டே வேலைக்கு வந்து நின்ற எத்தனையோ பேரைக் கண்ட பிறகு நான் உணர்ந்தேன். உங்கள் பண்ணையில் களையெடுப்புக்கும் பால் கறப்புக்கும் முறை வைத்திருப்பீர்கள். காய்ச்சலில் கிடந்த நாட்களை முறை செய்த நாட்களாகவே எழுதுங்கள். பிறகு ஈடு செய்யும்படி கேட்காதீர்கள்.

நம் ஊர்களில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தவுடன் வெளியாட்கள் திரும்பிப் போவார்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அந்த வீட்டுக்காரருக்கும் அது அவமானம் அல்ல. மருத்துவரிடம் போகாமல் இருப்பதற்கு அந்த வழக்கத்தைச் சாக்காகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால், இங்கே நோய் இருக்கிறது என்பதைப் பழி இல்லாமல் ஊருக்கு அறிவிக்கும் வழியை நம் முன்னோர்கள் கண்டிருந்தார்கள். 2020இல் வீட்டுச் சுவரில் ஒட்டிய தனிமைப்படுத்தல் அறிவிப்புத் தாளைப் பார்த்து அக்கம்பக்கத்தார் ஒதுங்கிய விதத்தையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் பந்திகளுக்கு வேப்பிலையே போதும். வாசலில் கொத்து தொங்கினால், அடுத்த பந்திக்காரர்கள் கேரியரைத் திண்ணையில் வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று, என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போகட்டும்.

வெளியே போகிறவருக்கான விதியை இப்படி எழுதலாம். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பிறகு ஊரெல்லையைத் தாண்டி இரவு தங்குவதில்லை என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இருக்கிறது; அதற்கு மக்கள் மனமொப்பி அடங்குவது, காப்பு அவிழ்க்கும் நாள் முன்கூட்டியே தெரிந்திருப்பதால். உங்கள் கட்டுப்பாட்டுக்கும் முடிவு நாள் இருக்க வேண்டும். நடுவில் போக வேண்டிய அவசியம் வந்தவர் எவர் அனுமதியையும் கேட்க வேண்டாம், போகிறேன் என்று சொன்னால் போதும் என்று வையுங்கள். அவர் திரும்பி வந்து தங்குவதற்கு வாயிலுக்குப் பக்கத்தில் ஓர் அறையை, இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்து, பாயும் விளக்கும் தண்ணீர்ப் பானையும் தனிக் கழிப்பறையும் சேர்த்து, இப்போதே கட்டி வையுங்கள். எத்தனை நாள் அங்கே இருக்க வேண்டும் என்பதை வரும் நோய்தான் சொல்லும். கிருமி உடலுக்குள் புகுந்ததிலிருந்து அறிகுறி தெரியும் வரையான மறைவுக் காலத்தைச் சுகாதாரத் துறை அறிவித்தவுடன் அந்த எண்ணை நிரப்பிக்கொள்ளலாம். அந்த நாட்களில் அவருக்குச் சாப்பாடு யார் கொண்டுபோவது என்பதையும் விதியிலேயே எழுதுங்கள். அந்தத் தம்பி வந்த இரவில் அப்படி ஓர் அறையும் அதில் ஒரு விளக்கும் இருந்திருந்தால், அவர் வேலியைத் தாண்டியிருப்பாரா என்று எண்ணிப் பாருங்கள்.

நோயாளியைக் கவனிப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரண ஃப்ளூ, கோவிட் இரண்டுக்கும், மாத்திரை போடாமலேயே காய்ச்சல் விட்டு, மற்ற அறிகுறிகளும் குறைந்து, ஒரு நாள் ஆகும் வரை தனியே இருக்க வேண்டும். அதன் பிறகு ஐந்து நாள் முகக்கவசத்தோடு நடமாடலாம். ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் பண்ணையில் இருக்கட்டும். ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, முதியவர் குழப்பமாகப் பேசினாலோ, கூட்டம் போட்டு முடிவெடுக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். 65 வயதைக் கடந்தவர்களும் கர்ப்பிணிகளும் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கான செலவைப் பொதுக் கணக்கிலிருந்து கொடுங்கள்.

எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு என்பது உங்கள் வழக்கமாக இருக்கலாம்; அதை நான் மதிக்கிறேன். ஆனால் கிருமி அந்தக் கூட்டம் முடியும் வரை காத்திருப்பதில்லை. மூவரை இப்போதே தேர்ந்தெடுங்கள்: உங்களில் நோய்க்கு மிகவும் அஞ்சுபவர் ஒருவர், சிறிதும் அஞ்சாதவர் ஒருவர், அடுப்படியை நடத்துபவர் ஒருவர். மூவரும் ஒத்து எடுக்கும் முடிவு 30 நாள் செல்லும்; பிறகு தானாகவே காலாவதியாகும், வேண்டுமானால் எல்லோரும் கூடிப் புதுப்பிக்கலாம். அஞ்சாதவர் அந்த மூவரில் இருப்பது அவசியம். அவரை வெளியே விட்டுவிட்டு எழுதிய விதியை அவர் மதிக்க மாட்டார். அவர் மதிக்காத விதி உங்கள் யாரையும் காக்காது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்கிறேன். பக்கத்து ஊரிலிருந்து உங்களிடம் கூலி வேலைக்கு வருபவர்கள் இருப்பார்கள்தானே? வாயிலைப் பூட்டிய மாதங்களில் அவர்கள் அடுப்பு எப்படி எரிந்தது? அடுத்த முறை கதவை மூடுவதானால், அவர்களுடைய கூலியும் உங்கள் செலவுக் கணக்கில் வர வேண்டும். அதற்கான பணத்தை நல்ல காலத்திலேயே ஒதுக்கி வையுங்கள். வார இறுதி முகாம்களுக்கு வரும் விருந்தினர் பணத்தையே முழுக்க நம்பியிருந்தால் அது முதல் வாரமே நின்றுவிடும். ஸ்காட்லாந்தில் 1962இல் வேர்விட்ட ஃபின்ட்ஹார்ன் குடியிருப்பில், உலகெங்கிலுமிருந்து ஆட்களை வரவழைத்துப் பயிற்சி நடத்திய அறக்கட்டளை, பெருந்தொற்றின் இழப்புகளிலிருந்து மீள முடியாமல் 2023இல் அந்தப் பயிற்சிகளையே நிறுத்தியது. அங்கே வேறு இடர்களும் சேர்ந்துகொண்டன என்றாலும், விருந்தினர் வருகை நின்றுபோனது பெரிய அடி.

வரைவை எழுதி முடித்ததும், கூட்டத்தில் வைப்பதற்கு முன்பாக, அந்தத் தம்பி இருக்கும் இடத்தைத் தேடிப் போய் அவரிடம் காட்டுங்கள். முதலில் இந்தத் தேதிக் கணக்கைச் சொல்லுங்கள். அது அவருக்குச் சேர வேண்டியது. பிறகு, "அன்று இரவு இந்த விதி இருந்திருந்தால் நீங்கள் வாயிலுக்கு வந்து மணியை அடித்திருப்பீர்களா?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால், எந்த வரியில் தயங்கினார் என்று குறித்துக்கொண்டு வந்து, அந்த வரியைத் திருத்துங்கள்.